மனையில் பானை ஓடு கிடக்கிறது, வீடு கட்டலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கீழடித் தென்னந்தோப்பில் குழி போடத் தொடங்கி பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு மதுரையைச் சுற்றி மனை வாங்குகிறவர்கள், கட்டுகிறவர்கள், வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுகிறவர்கள் எல்லோருமே காலடி மண்ணைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சிலைமான் பக்கம் ஐந்து சென்ட் வாங்கியிருக்கிறோம். மழைக்குப் பிறகு மேல்மண்ணில் நிறைய ஓட்டாஞ்சில்லு தெரிகிறது. சிலது உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. அடியில் பழைய ஊர் இருக்குமா?

இருக்கலாம். ஆனால் அந்த ஓடு உங்கள் மண்ணுக்குச் சொந்தமானதா, வெளியிலிருந்து வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் கண்மாய்க் கரம்பையை வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டுவது காலங்காலமாக நடக்கிறது. பள்ளமான மனையென்றால் எங்கிருந்தோ சவுடு மண் கொண்டுவந்து மேடாக்கியிருப்பார்கள். அந்த மண்ணோடு ஓடும் வந்துவிடும். நானே ஒருமுறை ஒரு வயலில் அரை நாள் ஓடு எண்ணி, வரைபடம் போட்டு, கடைசியில் அத்தனையும் பக்கத்துக் கண்மாயிலிருந்து வந்தவை என்று தெரிந்துகொண்டேன்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பக்கத்தில் கிணறோ வாய்க்காலோ வெட்டியிருந்தால் அதன் பக்கச் சுவரைப் பாருங்கள். ஓடு மேல் அரை அடியில் மட்டும் இருந்து, விளிம்பெல்லாம் தேய்ந்து உருண்டிருந்தால் வந்த ஓடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்று, நான்கு அடிக்குக் கீழேயும் ஓடு வந்து, அதோடு சாம்பல் நிற மண், எலும்புத் துண்டு, செங்கல், இரும்புக் கசடு என்று சேர்ந்து தெரிந்தால் அங்கே மனிதர்கள் குடியிருந்திருக்கிறார்கள். செங்கல் அளவையும் கவனியுங்கள். கீழடியில் கிடைத்த செங்கற்கள் நாம் இன்று வைத்துக் கட்டுவதைவிட நீளமும் அகலமும் கூடியவை, பருமன் குறைந்தவை.

நீங்கள் சொல்லும் கருப்பு-சிவப்பு ஓடு, பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் உள்பக்கத்துக்குக் காற்று கிடைக்காமல் கறுத்தது. இரும்புக் காலத்திலிருந்து சங்க காலம் தாண்டியும் புழங்கிய வகை என்பதால், அதை மட்டும் வைத்து ஒரு நூற்றாண்டைச் சொல்லிவிட முடியாது. ஓடுகளைப் பையில் அள்ளாதீர்கள். கிடக்கிற இடத்திலேயே படம் எடுத்து, எந்த மூலையில் அதிகம் என்று குறித்து வையுங்கள். ‘உள்ளே என்னதான் இருக்கிறது’ என்று தோண்டிப் பார்க்கவும் வேண்டாம். பழம்பொருள் தேடி அகழ்வதற்கு அனுமதி வேண்டும்.

நான் சிவில் என்ஜினியர். மாட்டுத்தாவணிக்கு அப்பால் மூன்று ஏக்கரில் வணிக வளாகம், கீழ்த்தளத்தில் பார்க்கிங். ரேடார் கருவி வைத்து ஒரு நாள் ஓட்டினால் போதும் என்கிறார்கள். சரிதானா சார்?

போதாது. கருவிக்கு முன்னால் செய்ய வேண்டிய, காசு அதிகம் ஆகாத வேலை நிறைய இருக்கிறது.

முதலில் காகிதம். புல வரைபடம், பழைய அ-பதிவேடு (வருவாய்த் துறையின் நில விவரப் பதிவேடு) இரண்டையும் எடுத்து, நிலத்துக்கும் அதைச் சுற்றியும் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். திடல், மேடு, தாழிக்காடு, நத்தம் என்று வந்தால் நின்று யோசியுங்கள். கீழடியில் அகழ்ந்த மேட்டுக்கே பள்ளிச்சந்தை திடல் என்றுதான் பெயர். சுமார் 110 ஏக்கர். 2013-14இல் வைகையின் இரு கரையிலும் ஊர் ஊராக நடந்து ஆய்வு செய்து 293 இடங்களைக் கண்டார்கள். அந்தப் பட்டியலில் வந்த ஓர் இடம்தான் அது. உங்கள் மனை அப்படிப் பதிவான இடத்துக்கு எவ்வளவு பக்கம் என்று தொல்லியல் துறையில் கேட்டுவிடலாம். அப்புறம் அந்த ஊர்ப் பெரியவர்களிடம், ஆடு மேய்ப்பவர்களிடம் பேசுங்கள். எந்த மேட்டில் ஏர் போனால் ஓடு கிளம்பும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, நடை. இரண்டு மழை பெய்து மண் கழுவியதும் வரிசையாக நடந்து பார்க்க வேண்டும். முள்ளும் புல்லும் மூடிய காலத்தில் நடந்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கருவி அதற்குப் பிறகுதான். ரேடார் அலை காய்ந்த மணலில் நன்றாக இறங்கும். களிமண்ணிலும் ஈர மண்ணிலும் கொஞ்ச தூரத்திலேயே வலுவிழந்துவிடும். கண்மாய்ப் பாசனத்தில் இருந்த கரிசல் நிலமென்றால் கோடையில் செய்தால்கூட அதிகம் எதிர்பார்க்காதீர்கள். காந்தப்புல அளவி இன்னொரு வழி. மண்ணில் உள்ள இரும்புச் சத்து நெருப்பில் சுட்டு ஆறும்போது, அந்தக் கணத்தின் காந்தப் புலத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே சூளை, அடுப்பு, செங்கல் கட்டுமானம் இருந்தால் அது காட்டிக் கொடுக்கும். ஆனால் பக்கத்தில் மின்கம்பம், இரும்புக் குழாய், கம்பி வேலி இருந்தால் எல்லாம் குழம்பும். எந்தக் கருவியாக இருந்தாலும் ‘இங்கே மண் வேறு மாதிரி இருக்கிறது’ என்பதோடு நின்றுவிடும். அது என்ன என்பதை அனுமதி பெற்ற தொல்லியலாளர் சிறிய சோதனைக் குழி போட்டு, மண்ணடுக்கை அடுக்கடுக்காக இறக்கி, மனிதர் கை படாத கன்னி மண் வரை போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஒன்று சொல்கிறேன், இதை என்ஜினியர்கள் யாரும் யோசிப்பதில்லை. அஸ்திவாரத்துக்காக எப்படியும் மண் பரிசோதனைத் துளை போடுவீர்கள். அன்றைக்கு ஒரு தொல்லியலாளரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். வெளியே வரும் மண்ணில் கரித்துண்டும் ஓட்டுத் துகளும் எந்த ஆழத்தில் வருகின்றன என்று அவர் குறித்துக்கொள்வார். உங்களுக்குத் தனிச் செலவு பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆழம் முக்கியம். கீழடியில் கி.மு. 580 என்று காலம் கிடைத்த ஆய்வு மாதிரி 353 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தது. சாதாரண வீட்டு அஸ்திவாரம் நான்கைந்து அடியில் நின்றுவிடும். உங்கள் பார்க்கிங் தளம் அப்படியில்லை, மொத்த அடுக்கையும் அள்ளி லாரியில் ஏற்றிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் கீழ்த்தளத்தை வேறு மூலைக்கு மாற்றலாம். அந்த இடத்தில் தோட்டமோ, ஆழமில்லாத பரப்பு அஸ்திவாரமோ வைக்கலாம்.

சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் 1990இலிருந்து திட்ட அனுமதிக்கு முன்பே இப்படிச் சோதிப்பதும், அந்தச் செலவைக் கட்டுபவர் ஏற்பதும் வழக்கமாகிவிட்டது. நம் நாட்டில் எல்லாத் தனியார் மனைக்கும் அப்படிப் பொது விதி இல்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், அந்த விண்ணப்பம் சுற்றுப்புறத்துப் பண்பாட்டு இடங்களையும் கேட்கும். ஆனால் அதற்காக மண்ணுக்குள் யாரும் பார்ப்பதில்லை. அதனால் இது உங்கள் பொறுப்பில் நடக்க வேண்டிய வேலை.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் பக்கத்தில் இடம். எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும்?

அங்கே எந்தத் துறையின் பலகை நிற்கிறது என்று பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமென்றால் முதல் 100 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கிக் கட்டலாம். மத்தியத் தொல்சின்னச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தம் சொல்வது இது. சிற்பத்திலிருந்து அளக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட எல்லை முடியும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். மாநிலத் துறையின் சின்னமென்றால் அவர்களிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புரோக்கர் சொல்லும் அளவை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஐயா, திருப்புவனம் பக்கத்தில் எங்களுக்குத் தோப்பு. ஒரு ஓரத்தில் மகளுக்கு வீடு கட்ட நினைக்கிறோம். அடியில் ஏதாவது இருந்து வெளியே சொன்னால் நிலத்தையே எடுத்துக்கொள்வார்களாமே?

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நிலம்தான் உங்கள் சேமிப்பு.

நடப்பதைச் சொல்கிறேன். கீழடியில் ஆரம்ப ஆண்டுகளில் குழி போட்டது தனியார் தோப்புகளில்தான். தென்னைக்கு இடையில் குழி வெட்டி, பதிவு செய்து, மூடி, நிலத்தை உடையவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது ஒரே நாளில் நடப்பதில்லை. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி முதலில் அறிவிப்பு வர வேண்டும், ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் தர வேண்டும். நாலு ஓடும் ஒரு சுவரும் கிடைத்த எல்லா இடத்தையும் அப்படி அறிவிப்பதும் இல்லை. பெரும்பாலும் பதிவு செய்துகொண்டு போவார்கள். நீங்கள் வீட்டைப் பத்தடி தள்ளிப் போடவோ, செப்டிக் டேங்கை மறுபக்கம் மாற்றவோ வேண்டியிருக்கலாம். சின்ன வீட்டில் ஆழமாக இறங்குவது செப்டிக் டேங்கும் தண்ணீர்த் தொட்டியும்தான், அதனால் அந்த இரண்டின் இடத்தை முதலில் தீர்மானியுங்கள்.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு மனையில் உறைகிணறு (சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய கிணறு) தெரிகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். போவதற்கு முந்தின இரவே பொக்லைன் வைத்து எடுத்துவிட்டார்கள். சுடுமண் உறைத் துண்டுகளைக் கண்மாய்க் கரையில் குப்பையோடு பார்த்தேன். பொருள் கையில் இருந்தது. ஆனால் எத்தனை உறை இருந்தது, எந்த அடுக்கிலிருந்து இறக்கினார்கள், பக்கத்தில் தரைத்தளம் இருந்ததா, எதையும் அந்தத் துண்டுகளை வைத்துச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் மனசு கேட்பதில்லை. அந்த வீட்டுக்காரருக்கும் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. உங்களுக்கு இருக்கிற அதே பயம்தான்.

பதிவு இருப்பது ஊருக்கே பலமாகும் நேரமும் வரும். அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024இல் வந்தபோது ஊர்கள் திரண்டு நின்றன. அந்த மலையின் தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டும் குடைவரையும் ஏற்கெனவே பதிவாகி இருந்தது அவர்கள் பேச்சுக்குக் கைகொடுத்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

நீங்கள் வானம் தோண்டும் முன்பே ஒரு மனு எழுதி, மதுரையிலோ கீழடி அருங்காட்சியகத்திலோ உள்ள தொல்லியல் அலுவலர்களிடம் கொடுத்து வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு வேலையை நிறுத்துவதைவிட இது உங்களுக்கு நல்லது.

வெளி வீதியில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுக் கட்டப் போகிறோம். அங்கேயும் இப்படிப் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும், வேறு கண்ணோடு. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு உருவானவை வெளி வீதிகள். அங்கே ஆழத்தில் வருவது கலங்கிய நிரப்பு மண்ணாக இருக்கலாம். அஸ்திவாரத்துக்கும் அது முக்கியம், என்ஜினியரிடம் சொல்லுங்கள். மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கம் போகப் போக மண் பல நூற்றாண்டுக் குடியிருப்பு மண். அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

மண் அள்ளும்போது பச்சை பிடித்த காசுகள் கிடைத்தன. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அல்லது தாசில்தார் வழியாகப் போங்கள். மறைத்தால் கண்டெடுத்தவருக்குச் சட்டம் தரும் பங்கும் போய்விடும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

அண்ணே, நான் கொத்தனார். கொந்தகைப் பக்கம் வானம் தோண்டும்போது பெரிய பானை வாய் தெரிஞ்சுது. வேலையை நிறுத்தியிருக்கோம். அடுத்து என்ன செய்யணும்?

நிறுத்தினீர்களே தம்பி, அதுவே பெரிய காரியம். அந்த ஊர் கீழடி மக்களின் இடுகாடாக இருந்த இடம். நீங்கள் பார்த்தது முதுமக்கள் தாழியாக, அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானையாக இருக்கும். அதைத் தூக்க வேண்டாம். சுற்றியுள்ள மண் பிடித்திருப்பதால்தான் அது பானை உருவில் நிற்கிறது, தூக்கினால் பொலபொலவென்று உதிரும். உள்ளே கை விட வேண்டாம். எலும்பு இருந்தால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மரபணு எடுத்துப் பார்ப்பார்கள், நம் கை பட்டால் நம் மரபணு அதில் கலந்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது.

டேப்பைப் பக்கத்தில் வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். தரை மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று குறியுங்கள். தோண்டிய மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள், சின்னக் கிண்ணமும் இரும்புத் துண்டும் அதில் இருக்கலாம். தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வீட்டுக்காரர் மூலம் கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லுங்கள். ஒரு தாழி இருந்தால் பக்கத்திலேயே இன்னும் இருக்கும், ஆகவே அந்த வரிசையில் கடப்பாரை போடாதீர்கள். துறையிலிருந்து வரும்போது நீங்களும் அங்கே நில்லுங்கள். மண் எந்த இடத்தில் நிறம் மாறியது, முதல் ஓடு எப்போது வந்தது என்று அவர்களுக்குச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.