சுகரா, சுகர்ஸா?

கேள்வி: அக்கா, நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். தம்பிக்கு 23 வயது. பத்து வயதிலிருந்து இன்சுலின் போடுகிறான். போன மாதம் ஒரு ஷாப்பிங் சென்டரில் சுகர் இறங்கித் தள்ளாடியிருக்கிறான். 'சுகர்ஸ்' அடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று செக்யூரிட்டிக்காரர்கள் இழுத்துப் போய் வெளியே வெயிலில் விட்டுவிட்டார்கள். யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். ஒரு டாக்சி டிரைவர்தான் கூல்டிரிங்க் வாங்கிக் கொடுத்துக் காப்பாற்றினார். அம்மா கோவிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். 'அவன் அந்த மாதிரிப் பையன் இல்லை' என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அம்மா கோவிலுக்குப் போகாதது இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது. தம்பி இப்போது எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி இல்லை. தனியாக வெளியே போகிறானா? அடுத்த தரம் சுகர் இறங்கினால் கூச்சப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பானா? இன்றைக்கே அவனிடம் பேசுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நம் வீடுகளில் நீரிழிவுக்குப் பெயர் சுகர். தெருவில் மட்டமான ஹெராயினைக் கலந்து விற்கிற தூளுக்குப் பெயர் சுகர்ஸ். (கரும்புத் தோட்ட வேலைக்குத்தான் 1860-ல் கப்பலேறி வந்தோம். சர்க்கரை நம்மை விடுவதாயில்லை.) அந்தத் தூள் சாட்ஸ்வொர்த்தில் எத்தனை வீட்டைக் காலி பண்ணியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால் தள்ளாடுகிற இளைஞனைப் பார்த்தால் எல்லோருக்கும் முதலில் அதுதான் தோன்றுகிறது.

எனக்கும் தோன்றியிருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை காலை, நமக்குக் குளிர்காலம். பஸ் ஸ்டாப்பில் ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான். எனக்கு ஸ்வெட்டர் போதவில்லை, அவன் சட்டையோ முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. கையில் ஒரு சூப்பர் சி மிட்டாய். தாளைப் பிரிக்கப் பார்க்கிறான், விரல் நழுவுகிறது, மறுபடி பிரிக்கப் பார்க்கிறான். நான் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டேன். ரொம்ப நாள் கழித்து எங்கள் வீட்டுக்காரருக்கு இன்சுலின் ஆரம்பித்தார்கள். நர்ஸ் வரிசையாகச் சொன்னார்: வேர்வை, நடுக்கம், குழறல், காரணமில்லாத கோபம், உடனே வாயில் போட ஒரு குளுக்கோஸ் மிட்டாய். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த மிட்டாய்த் தாள் கண்முன் வந்துவிட்டது. அவன் யார், அப்புறம் என்ன ஆனான், எதுவும் தெரியாது.

மூளை ஓடுவது குளுக்கோஸில்தான். சேர்த்து வைத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. நம் மெஷினில் 4-க்குக் கீழே, இந்தியக் கணக்கில் 70-க்குக் கீழே போனால் உடம்பு வேர்த்து நடுங்கும். இன்னும் இறங்கினால் கேட்டதற்குப் பதில் வராது, பிடித்தால் திமிறுவான். வலிப்பு வந்து தெளிகிறவரும் பிடித்தால் அப்படித்தான் திமிறுவார். சுகர் ஏறி ரத்தம் அமிலமாகிவிட்டால் மூச்சில் பழ வாடை வரும், குடித்திருக்கிறான் என்பார்கள். ஹெராயின் அதிகமானால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு குறைந்துகொண்டே போகும், உதடு நீலமாகும். இதையெல்லாம் வாசலில் நிற்கிற செக்யூரிட்டிக்காரர் பிரித்துப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆம்புலன்சுக்கு 10177, அல்லது செல்லிலிருந்து 112, கூப்பிட்டால் போதும். விழித்திருந்து விழுங்க முடிந்தால் அரை டம்ளர் கூல்டிரிங்க், 'டயட்' என்று போட்டிருப்பது உதவாது. கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம், தெளிந்ததும் இரண்டு துண்டு பிரெட். நினைவில்லையென்றால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். காரணம் சுகரா சுகர்ஸா என்பதை வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'அந்த மாதிரிப் பையன் இல்லை' என்பதை நிறுத்திவிடுங்கள். அந்த மாதிரிப் பையனாகவே இருந்தால் வெயிலில் விட்டிருக்கலாமா? நம் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. நல்ல பையனுக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை. அம்மா உட்காருகிற கோவில் வரிசையிலேயே சுகர்ஸுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இருப்பார். நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு எப்படி இருக்கும்?

வீடியோ தம்பியுடைய விஷயம், அவனைக் கேட்டுத்தான் எதுவும் செய்ய வேண்டும். அவன் சரி என்றால், 'இது நான்தான், சுகர் இறங்கியிருந்தது, தயவுசெய்து அழித்துவிடுங்கள்' என்று அதே குரூப்பில் அவனே எழுதட்டும். நீங்கள் ஊர் முழுக்க விளக்கிக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

ஷாப்பிங் சென்டர் மேனேஜருக்கு நாள், நேரம், இடம் போட்டு எழுதுங்கள். கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். இதில் சுணங்காதீர்கள், பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பதில் வராவிட்டால் செக்யூரிட்டி கம்பெனிகளைக் கண்காணிக்கிற பி.எஸ்.ஐ.ஆர்.ஏ. ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். மன்னிப்புக் கடிதம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வாசலில் நிற்பவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுக்கும் வரை விடாதீர்கள்.

தம்பிக்கு ஒரு மெடிக்அலர்ட் வளையம், என்ன நோய் என்று பொறித்துக் கையில் போடுவது, வாங்கிக் கொடுங்கள். இந்த வயதில் போட மாட்டேன் என்றுதான் சொல்வான். அப்படியானால் செல்லைத் திறக்காமலே தெரிகிற மாதிரி 'இன்சுலின் போடுகிறவன், சர்க்கரை கொடுங்கள்' என்று திரையில் வைக்கட்டும். பாக்கெட்டில் மிட்டாய் இருக்கட்டும், தாள் பிரித்ததாக.

அம்மாவை இப்போதே கோவிலுக்குக் கூப்பிடாதீர்கள். ஒரு டப்பா முறுக்கைக் கொடுத்து டாக்சி ரேங்குக்குக் கூட்டிப் போங்கள். அந்த டிரைவரை இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், கடிதத்தில் அதுவும் இல்லை.