மீன்தொட்டி இறால்களின் இனமும் பெயரும்: கேள்வி பதில்

கேள்வி: செர்ரி இறாலைச் சிலர் நியோகாரிடினா ஹெட்டெரோபோடா என்றும், சிலர் நியோகாரிடினா டேவிடி என்றும் எழுதுகிறார்கள். எது சரி?

பதில்: டேவிடிதான் சரி. 2002இல் ஹெட்டெரோபோடா என்று பெயர் பெற்ற இறாலும், 1904இல் பூவியே என்னும் விலங்கியலாளர் டேவிடி என்று விவரித்த இறாலும் ஒன்றே என்று தெரியவந்ததால், முந்திய பெயருக்கே உரிமை என்னும் விதிப்படி பிந்தியது விலக்கப்பட்டது. பூவியே இதைக் காரிடினா பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வைத்திருந்தார். பேரினம் பிற்பாடு மாறியதால்தான் அவர் பெயரும் ஆண்டும் இனப்பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகின்றன. அமானோ இறாலுக்கும் இதே விதிப்படி 1892இல் வைத்த ஜப்போனிகா போய், 1860இல் ஸ்டிம்ப்சன் வைத்த காரிடினா மல்டிடென்டாட்டா நிலைத்தது. பேரினம் மாறாததால் அங்கே அடைப்புக்குறி இல்லை.

கேள்வி: நீல இறால் எந்த இனம்?

பதில்: நிறத்தை வைத்து இனம் சொல்லாதீர்கள். டேவிடியிலும் நீலம் உண்டு, காரிடினாவிலும் உண்டு. ஆணின் வயிற்றடியில் உள்ள முதல் நீந்துகாலைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால், நியோகாரிடினாவில் அதன் உட்கிளை பேரிக்காய் வடிவில் அகன்றிருக்கும். பேரினத்தைப் பிரித்தறிய அதைத்தான் நம்பலாம்.

கேள்வி: மஞ்சள் இறால்?

பதில்: மேலே சொன்னதேதான். நிறம் இனமாகாது.

கேள்வி: என் தொட்டி இறாலுக்கு நீண்ட இடுக்கிகள் உள்ளன. அதுவும் காரிடினாவா?

பதில்: அல்ல. காரிடினா அடங்கிய ஏட்டிடே குடும்பத்தில் இடுக்கிகள் சிறியவை. அவற்றின் நுனியில் தூரிகை போன்ற மயிர்க்கற்றை இருக்கும். உங்களுடையது பெரும்பாலும் பேலமோனிடே குடும்பத்து மேக்ரோபிராக்கியம் பேரினமாக இருக்கும்.

கேள்வி: கிரிஸ்டல் ரெட் இறாலைக் காலங்காலமாகக் கான்டோனென்சிஸ் என்கிறோம். லோகேமன்னி என்ற புதுப்பெயர் எதற்கு?

பதில்: 2014இல் க்ளோட்ஸ், ஃபான் ரின்டெலன் என்னும் ஆய்வாளர்கள் தேனீ இறாலைக் காரிடினா லோகேமன்னி என்றும், புலி இறாலைக் காரிடினா மரியே என்றும் தனித்தனியே விவரித்தார்கள். கிரிஸ்டல் ரெட் தேனீ இறாலின் சிவப்பு வடிவம். கான்டோனென்சிஸ் வேறோர் இனம்.

கேள்வி: தேனீயும் புலியும் கலந்து குஞ்சு பொரிக்கின்றனவே! பிறகு எப்படி இரண்டு இனம்?

பதில்: தொட்டியில் அடைத்து வைத்தால் நெருங்கிய இனங்கள் கலக்கும், அதனால் அவை ஒரே இனம் என்று ஆகிவிடாது. இந்தக் கலப்பு பல தலைமுறைகளாகத் தொடர்வதால், கடையில் கிடைக்கும் வகைகள் பலவற்றுக்கு எந்த ஒரு இனப்பெயரும் பொருந்தாது என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. கலப்பினத்தைக் கலப்பினம் என்றே எழுதுங்கள்.

கேள்வி: கறுப்பு இறால் எந்த இனம்?

பதில்: நீல இறாலுக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.