வாசகர் கேள்வி: எல்லையோர மண் ரோட்டில் அப்பா அம்மாவுடன்

கேள்வி: பீனிக்ஸில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அரிசோனாவின் டக்ளஸ் ஊரிலிருந்து பெலோன்சியோ மலை வழியாக நியூ மெக்சிகோவின் அனிமாஸ் வரை போகும் ஜெரோனிமோ டிரெயில் ரோட்டில் அவர்களைக் கூட்டிப்போக ஆசை. மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரோடு, ஆபத்து என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் வேண்டாம். உங்கள் நண்பர்கள் ஆட்களை நினைத்துப் பயப்படுகிறார்கள். நான் அந்தப் பக்கம் பலமுறை போயிருக்கிறேன். என்னை நிறுத்தியதெல்லாம் தண்ணீரும் கல்லும்தான்.

ஒரு ஆகஸ்ட் மதியம். என் தலைக்கு மேல் வெயில், தூரத்து மலையில் மட்டும் கருமேகம். வறண்டு கிடந்த ஓடையில் இறங்கப்போகும்போது ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன். முதலில் வந்தது தண்ணீர் அல்ல, நுரையும் சருகும் சுள்ளியும் மாட்டுச் சாணமும் சேர்ந்த ஒரு சுருள். அதன் பின்னால் செம்மண் நிறத்தில் வெள்ளம். கரையோரம் ஒரு குச்சியை நட்டுவைத்து, தண்ணீர் அதை விட்டு விலகுகிறதா என்று பார்த்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வடிந்த பிறகு ஓடையில் நடந்து பார்த்தால் கணுக்கால் வரை சேறு. வந்த வழியே திரும்பிவிட்டேன். நீங்களும் திரும்புவதற்குத் தயங்காதீர்கள். பெட்ரோலும் அதற்கு வேண்டும், அதனால் டக்ளஸிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள்.

அப்புறம் டயர். அந்தக் கற்கள் டயரின் பக்கவாட்டைத்தான் கிழிக்கும், அங்கே பஞ்சர் ஒட்டினால் நிற்காது. முழு அளவு ஸ்டெப்னி இருக்கட்டும். புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்து ஒரு முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மண் ரோட்டில் ஓட்டக் கூடாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர், அதற்கு மேலும் கொஞ்சம். வரைபடத்தை முன்பே போனில் இறக்கிவிடுங்கள். சிக்னல் கிடைத்தாலும் அது மெக்சிகோ டவராக இருக்கலாம். வழியில் பண்ணை கேட் வந்தால், மூடியிருந்ததை மூடுங்கள், திறந்திருந்ததை அப்படியே விடுங்கள்.

எல்லைக் காவல் படையான பார்டர் பேட்ரோலின் வண்டிகள் எதிரே வரும். நிறுத்திக் கேட்டால் நிதானமாகப் பதில் சொல்லுங்கள். குடியுரிமை இல்லாத, 18 வயது நிரம்பியவர்கள் குடியேற்ற ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டையும் நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94-இன் அச்சுப்படியையும் வண்டியிலேயே வையுங்கள்.

கேள்வி: பெரியவர்கள் ரசிக்க அங்கே என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. டக்ளஸுக்குக் கிழக்கே ஸ்லாட்டர் பண்ணையில் இறங்குங்கள். சுற்றிலும் காய்ந்த நிலம், நடுவில் ஊற்று நீர்க் குளம். என் அம்மா அந்தக் கரையை விட்டு எழுந்திருக்கவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். மேலே ஏறினால் இரண்டு மாநிலங்கள், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் சோனோரா மலைகள். அப்பாச்சி பழங்குடி வீரர் ஜெரோனிமோ 1886 செப்டம்பரில் சரணடைந்த ஸ்கெலிட்டன் கேன்யன் பள்ளத்தாக்கு இதே மலைத்தொடரில்தான் இருக்கிறது. 1996-ல் ஒரு பண்ணைக்காரர் இங்கே சிறுத்தை போன்ற ஜாகுவார் விலங்கை நேரில் பார்த்துப் படம் எடுத்தார். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், வழியெல்லாம் புதரைப் பார்த்துக்கொண்டே வருவார்.

அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். வரிவரியாக மேடு விழுந்த அந்த மண் ரோட்டில் பின் சீட்டுக்குத்தான் குலுக்கல் அதிகம்.