வாசகர் கேள்வி: சம்பளமில்லாத பயிற்சிக்கு மகனை அனுப்பலாமா?

கேள்வி: உயர்தரம் எழுதிய என் மகன், அப்புத்தளைப் பக்கத்து மலைக்கிராமத்து ஓய்வில்லம் ஒன்றில் ஆறு மாதம் தங்கி, மண்சுவர் கட்டவும் தோட்டம் செய்யவும் பழகப்போவதாகச் சொல்கிறான். உணவும் இடமும் உண்டு, சம்பளம் இல்லை. அனுப்பலாமா?
– ஒரு தந்தை, உவர்மலை, திருகோணமலை

பதில்: அனுப்பலாம், ஆனால் அங்கே கற்பிப்பவர் யார், நாளில் எத்தனை மணிநேரம் அவரோடு நின்று வேலை செய்யலாம் என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் அறை கூட்டுவதையும் கோப்பை கழுவுவதையும் பயிற்சி என்று சொல்லும் இடங்களும் உண்டு. நல்ல ஆசான் முதல் நாளே மண்ணைக் கையில் கொடுப்பார். போத்தலில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் படியும், களி கடைசியாகவே இறங்கும். அந்தப் படைகளின் தடிப்பைப் பார்த்தே சுவருக்கு எவ்வளவு மணல், எவ்வளவு வைக்கோல் சேர்ப்பதென்று தீர்மானிப்பார்கள். நம் கரையோர மணலில் களி குறைவு என்பதால், அங்கே பழகிய கலவையை இங்கே அப்படியே எடுக்க முடியாது; அதனால் அளவை அல்ல, சோதிக்கும் முறையைக் கற்று வரச் சொல்லுங்கள்.

ஓய்வில்லம் தரும் சான்றிதழுக்கு வேலைச் சந்தையில் பெரிய மதிப்பில்லை. தேசிய தொழிற்தகைமை (NVQ) என்ற அரச சான்றிதழ் வேண்டுமானால், மேசன் வேலை போன்றவற்றில் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் வழி தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் (NAITA) உண்டு. அதற்காக அவன் செய்த வேலைகளைத் திகதியிட்டுக் குறிப்பும் படமுமாகச் சேர்த்து வைக்கட்டும். கம்பளிச்சட்டையை மறக்க வேண்டாம்.