மெசேஜ் எல்லாம் என்க்ரிப்ட் ஆயிருக்கு, அப்புறம் மெட்டாடேட்டாவ வச்சு என்ன பெருசா தெரிஞ்சிடப் போகுது?

கேள்வி கேட்டவர் சொல்றது இதுதான்: நான் பேசுறத யாரும் ஒட்டுக் கேக்கல, வாட்ஸப் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புது, யாருக்கு எப்போ போன் பண்ணேன்னு (இதுதான் மெட்டாடேட்டா, பேசுன பேச்சு இல்லாம அதப் பத்தின விவரம் மட்டும்) தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும், என்கிட்ட மறைக்க என்ன இருக்கு. கூடவே ஒரு சந்தேகம், சோஷியல் நெட்வொர்க் அனாலிசிஸ்னா ஃபேஸ்புக்க ஆராய்ச்சி பண்றதா?

ரெண்டாவதுக்கு பதில் சின்னது, இல்ல. ஃபேஸ்புக்குக்கு 70 வருஷம் முன்னாடியே இருக்குற விஷயம் அது. 1932ல நியூயார்க் மாநிலத்துல ஹட்சன்ங்கற ஊர்ல இருந்த ஒரு பெண்கள் சீர்திருத்தப் பள்ளிலேர்ந்து ரெண்டு வாரத்துல 14 பொண்ணுங்க ஓடிப் போயிட்டாங்க. ஜேக்கப் மொரீனோன்னு ஒரு மனநல டாக்டர் அங்க யாருக்கு யாரப் புடிக்கும், யாரு யாரு கூட இருக்க ஆசப்படுறான்னு கேட்டு, ஆளுக்கு ஒரு புள்ளி வச்சு கோடு போட்டு வரைஞ்சார். ஓடிப் போனதுக்கு காரணம் அந்தப் பொண்ணுங்களோட குணத்துல இல்ல, அந்தக் கோலத்துல அவங்க நின்ன இடத்துல இருக்குன்னு சொன்னார். அவ்ளோதான் மேட்டர். புள்ளி ஆளு, கோடு உறவு. ஆளப் பத்தி ஒண்ணுமே தெரியலைன்னாலும் கோட்டப் பாத்தே நிறைய சொல்லிடலாம்.

இத எனக்குப் புரிய வச்சது எந்த கோர்ஸும் இல்ல, எங்க வீட்டு மொய் நோட்டுதான். 2020 லாக்டவுன்ல வேல வெட்டி இல்லாம ஊர்ல உக்காந்திருந்தப்ப (பட்டுக்கோட்டை பக்கம், மொய்னா சும்மா இல்ல எங்க ஊர்ல) அக்கா கல்யாண நோட்டு, என் கல்யாண நோட்டு, அண்ணன் பசங்க காதுகுத்து நோட்டு, மாமா வீட்டு நோட்டு ஒண்ணுன்னு நாலையும் எடுத்து எக்செல்ல ஏத்த ஆரம்பிச்சேன். மொய் நோட்டுல என்ன இருக்கும்? பேரு, ஊரு, தொகை, எந்த விசேஷம். அந்தாளு நல்லவரா கெட்டவரா, நம்ம கூட என்ன பேசுனாரு, எதுக்கு சண்டை போட்டாருன்னு ஒரு வரி கூட இருக்காது. சுத்தமான மெட்டாடேட்டா.

வரிசையா ஆளுங்க பேரு, மேல விசேஷம், வந்திருந்தா 1, வரலைன்னா 0. இப்படி ஒரு கட்டம் போட்டுட்டா அப்புறம் பத்தாம் வகுப்பு கணக்குல போட்டோமே மேட்ரிக்ஸ் பெருக்கல், அது ஒண்ணு போதும். அந்தக் கட்டத்த அதையே புரட்டிப் போட்டு பெருக்குனா, ஆளுக்கும் விசேஷத்துக்கும் இருந்த கட்டம் ஆளுக்கும் ஆளுக்குமான கட்டமா மாறிடும், அதாவது எந்த ரெண்டு பேரு எத்தன விசேஷத்துல சேந்து வந்திருக்காங்கங்கற கணக்கு. யாரும் யாரையும் "இவர் என் ஃப்ரெண்டு"ன்னு எங்கயும் சொல்லல, ஆனா நண்பர் பட்டியல் மாதிரி ஒண்ணு தானா வந்து நிக்குது.

அதுல மொதல்ல தெரிஞ்சது, அப்பா வழி சனத்தையும் அம்மா வழி சனத்தையும் சேத்து வச்சிருந்த ஆளு நாங்க எல்லாரும் நெனச்ச பெரிய மாமா இல்ல, ஒரு நெல்லு வியாபாரி. சொந்தமே கெடையாது. ஆனா அவரு பேர எடுத்துட்டா படம் கிட்டத்தட்ட ரெண்டா பிஞ்சிடுது. இந்த மாதிரி நடுவுல நிக்கிற ஆள கண்டுபிடிக்கிற அளவீட்டுக்கு இந்தத் துறைல பேரு பிட்வீன்னஸ். நிறைய பேரத் தெரிஞ்சவன் வேற, ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல பாலமா இருக்குறவன் வேற. போலீஸோ உளவுத்துறையோ தேடுறது பெரும்பாலும் ரெண்டாவது ஆள.

அப்புறம் பெரியப்பா வீடு. அக்கா கல்யாணத்துல தாராளம், என் கல்யாணத்துல ஆளே காணோம், காதுகுத்துல பெரியப்பா பேரு இல்லாம அவங்க பையன் பேருல மட்டும் வரி. நடுவுல ஒரு வரப்புத் தகராறு, அப்புறம் பாதி சமாதானம். இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும், ஆனா தெரியாத ஒருத்தன் கிட்ட அந்த நோட்டக் குடுத்திருந்தாலும் அவனும் இதையேதான் சொல்லியிருப்பான்.

மூணாவதா ஒண்ணு சிக்குச்சு. ஒரத்தநாடு பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர், எங்க வீட்டு மூணு நோட்டுலயும் இருக்காரு, மூணுலயும் கடைசிப் பக்கத்துல, மூணு தடவையும் அதே 501. காலத்துக்குத் தகுந்த மாதிரி எல்லாரும் ஏத்திப் போட்டாங்க, இவரு மட்டும் ஏத்தல. அதவிட, நாங்க செஞ்ச மொய்க்கு அப்பா தனியா ஒரு நோட்டு வச்சிருந்தாரு, அதுல இவரு பேரு ஒரு இடத்துலயும் இல்ல. எங்க ஊர்ல வாங்குன மொய்ய திருப்பிச் செய்யாம இருக்குறது சாதாரண விஷயம் இல்லைங்க. அம்மாகிட்ட கேட்டேன், இது யாரும்மான்னு. "எதுக்குடா இப்ப அத நோண்டிக்கிட்டு இருக்க"ன்னுட்டு நோட்ட மூடி எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. இன்னி வரைக்கும் அது யாருன்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் இல்ல.

இப்ப மொய் நோட்டுக்குப் பதிலா உங்க போன் கம்பெனி வச்சிருக்குற சிடிஆர் நோட்ட வச்சுக்கோங்க, கால் டீட்டெயில் ரெக்கார்டு. யாரு, யாருக்கு, எத்தன மணிக்கு, எத்தன நிமிஷம், எந்த டவர், எந்த ஹேண்ட்செட். நாம வருஷத்துக்கு நாலு விசேஷத்துக்கு மொய் வைப்போம், போன்ல ஒரு நாளைக்கே நாப்பது வரி விழும். இந்தியாவுல இத குறைஞ்சது ஒரு வருஷம் வச்சிருக்கணும்னு இருந்தத 2021 டிசம்பர்ல ரெண்டு வருஷமா ஆக்கிட்டாங்க.

இத வச்சு என்ன பண்ணலாம்னு ஜெர்மனில ஒருத்தர் தன் மேலயே சோதிச்சுப் பாத்தாரு, மால்ட்டே ஸ்பிட்ஸ்னு பசுமைக் கட்சிக்காரர். என்னப் பத்தி நீ என்ன சேத்து வச்சிருக்கன்னு தன்னோட போன் கம்பெனி மேல கேஸ் போட்டு வாங்குனாரு. ஆறு மாசத்துக்கு 35,000 வரிக்கு மேல வந்துச்சு. அத 2011ல ஸைட் பத்திரிகையோட இணையதளத்துல குடுத்து மேப்ல ஓட விட்டாங்க. எப்ப தூங்குனாரு, எந்த ரயில்ல போனாரு, எந்த ஊர்ல எவ்ளோ நேரம் இருந்தாருன்னு ப்ளே பட்டன அழுத்துனா அந்தாளோட வாழ்க்கை படம் மாதிரி ஓடுது. பேசுன பேச்சு ஒரு வார்த்த கூட அதுல இல்ல.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல இன்னொண்ணு, 2016ல வெளிவந்தது. 823 பேரு தானா முன்வந்து ஒரு ஆப்ப போட்டுக்கிட்டு தங்களோட கால், எஸ்எம்எஸ் விவரத்தக் குடுத்தாங்க. அதுல ஒருத்தருக்கு இதய டாக்டருங்க இருக்குற ஆஸ்பத்திரிலேர்ந்து நீளமா ஒரு கால், அப்புறம் லேப் கூட சின்னதா ஒண்ணு, மருந்துக் கடைலேர்ந்து நாலஞ்சு, இதயத் துடிப்பு தாறுமாறா இருக்குறவங்க மாட்டிக்கிற ஒரு கருவிக்கான ஹெல்ப்லைனுக்கு சில கால். டாக்டரா இருக்கணும்னு அவசியமே இல்லல்ல? நானே சொல்லிடுவேன். அவங்க யூகிச்சத சரிபாத்தாங்க, சரியாத்தான் இருந்துச்சு.

பேர அழிச்சுட்டா என்னன்னு அடுத்து கேப்பீங்க. 15 லட்சம் பேரோட 15 மாச மொபைல் டேட்டாவ எடுத்து 2013ல ஒரு ஆய்வு வந்துச்சு, பேரு நம்பர் எதுவும் இல்லாத டேட்டா. ஒருத்தர் எந்த நேரத்துல எந்த டவர்கிட்ட இருந்தாருன்னு நாலே நாலு புள்ளி தெரிஞ்சா போதும், 95 சதவீதம் பேர கூட்டத்துலேர்ந்து தனியா பிரிச்சிடலாம்னு அதுல வந்துச்சு. உங்க வீடு, ஆபீஸ், போன வாரம் போன கல்யாணம், நேத்து போஸ்ட் போட்ட ஹோட்டல். நாலு ஆச்சா?

சோஷியல் நெட்வொர்க் படிக்கிறவங்க எல்லாருக்கும் பழக்கமான ஒரு கதை இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது. 1970 வாக்குல அமெரிக்கால ஒரு யுனிவர்சிட்டி கராத்தே க்ளப், கணக்குல வர்ற ஆளுங்க 34 பேரு. ஃபீஸ ஏத்தணும்னு மாஸ்டர், ஏத்தக் கூடாதுன்னு தலைவர், முத்திப் போயி க்ளப்பே ரெண்டா ஒடஞ்சிடுச்சு. வெய்ன் சக்கரின்னு ஒரு மானுடவியல்காரர் க்ளப்புக்கு வெளில யாரு யாரு கூட சுத்துனாங்கங்கற கோட்ட மட்டும் வச்சு, எந்த இடத்துல வெட்டுனா குறைச்ச சேதாரத்துல ரெண்டா பிரியும்னு கணக்குப் போட்டாரு. 34ல 33 பேரு கணக்கு சொன்ன பக்கமே போயிருந்தாங்க. தப்பிப் போனது ஒரே ஒருத்தரு, 9ம் நம்பர் ஆளு. அவரு தலைவர் பக்கத்து ஆளு, ஆனா ப்ளாக் பெல்ட் பரீட்சைக்கு மூணே வாரம் பாக்கி, மாஸ்டர விட்டா பெல்ட் போயிடும், அதனால மாஸ்டர் பக்கம் போயிட்டாரு. எனக்கு இந்த ஒம்பதாம் நம்பர் மேல தனிப் பாசம். கோட்டுல தெரியாதது ஒண்ணு எப்பவும் இருக்கும்னு அவராலதான் நம்பிக்க.

ஆனா கணக்கு தப்பா சொன்ன அந்த ஒம்பதாம் நம்பரா நீங்க இருந்து, கணக்குப் போடுறது உளவுத்துறையா இருந்தா சிரிப்பு வராது. என்எஸ்ஏங்கற அமெரிக்க உளவு அமைப்போட ரகசியங்கள 2013ல ஸ்னோடன்ங்கறவரு வெளியிட்டதுல மொதல்ல வந்ததே ஒரு அமெரிக்க போன் கம்பெனிகிட்டேர்ந்து எல்லாரோட கால் விவரத்தையும் தெனமும் குடுக்கச் சொன்ன ரகசிய கோர்ட் ஆர்டர்தான். சந்தேகப்பட்ட ஒரு நம்பர், அது பேசுன நம்பர்கள், அதுங்க பேசுன நம்பர்கள், இன்னும் ஒரு படின்னு மூணு படி வரைக்கும் போனாங்க, 2014ல ரெண்டு படியா குறைச்சாங்க. உங்க பால்காரரு, கேஸ் ஏஜென்சி, பசங்க ஸ்கூலு வழியா யார வேணா தொட்டுடலாம், நம்ம ஊர்ல ரெண்டு பேரு பேச ஆரம்பிச்சா மூணாவது நிமிஷம் சொந்தம் கண்டுபிடிக்கிறோமே அது மாதிரி. அந்த உளவு அமைப்போட முன்னாள் தலைவர் மைக்கேல் ஹைடன் 2014ல ஒரு விவாதத்துல, மெட்டாடேட்டாவ வச்சு ஆளுங்கள கொல்றோம்னு வெளிப்படையாவே சொன்னாரு. அதனால "வெறும் மெட்டாடேட்டாதானே"ன்னு யாராவது சொன்னா எனக்கு சுர்ருனு வரும்.

நம்ம நாட்ல அரசாங்கம்தான் பாக்கும்னும் இல்ல. 2013ல அருண் ஜெட்லியோட கால் ரெக்கார்ட சட்டவிரோதமா எடுக்கப் பாத்த வழக்குல டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் ஒருத்தரும் தனியார் டிடெக்டிவ்களும் கைதானாங்க. ராஜ்யசபா எதிர்க்கட்சித் தலைவருக்கே இந்தக் கதின்னா வரன் விசாரிக்க டிடெக்டிவ் வைக்கிற வீட்ல பொண்ணோட நம்பர் என்ன பாடுபடும்னு யோசிங்க.

வாட்ஸப் பத்தி கேட்டீங்க. 2016லேர்ந்து மெசேஜுக்குள்ள என்ன இருக்குன்னு அந்தக் கம்பெனிக்கே தெரியாது, அது உண்மதான். ஆனா பூட்டு கவருக்குத்தான், கவர் மேல இருக்குற அட்ரஸுக்கு இல்ல. சிக்னல்னு இன்னொரு மெசேஜ் ஆப் கொஞ்சம் வேற மாதிரி, அவங்க அட்ரஸையே முடிஞ்ச வரைக்கும் வச்சுக்கறதில்ல. 2016ல அமெரிக்காவுல ரெண்டு நம்பரப் பத்தி கேட்டு சம்மன் வந்தப்ப, அதுல சிக்னல்ல இருந்தது ஒரு நம்பர்தான், அதுக்கும் அவங்ககிட்ட குடுக்க இருந்தது ரெண்டே தேதி, அக்கவுண்ட் தொடங்குனது எப்போ, கடைசியா கனெக்ட் ஆனது எப்போ. இல்லாதத யாரும் புடுங்க முடியாது. மத்தபடி டார்ச் லைட் ஆப், கீபோர்டு ஆப் எல்லாம் காண்டாக்ட்ஸ் கேட்டா குடுக்காதீங்க, லொகேஷன ஆஃப் பண்ணி வைங்க. சாதாரண கால் பேசுற வரைக்கும் சிடிஆர்லேர்ந்து தப்பிக்க வழி கெடையாது, ஆசை காட்ட விரும்பல.

காண்டாக்ட்ஸ் குடுக்காதீங்கன்னு சொல்றது உங்களுக்காக மட்டும் இல்ல. கோட்டுக்கு ரெண்டு முனை இருக்கு, நீங்க உங்க முனைய எவ்ளோ பத்திரமா வச்சாலும் அந்தப் பக்கம் இருக்குறவரு போன்ல உங்க நம்பர் இருக்குல்ல, அவரு ஏதோ ஒரு ஆப்புக்கு 'அலவ்' பட்டன ஒரு தட்டு தட்டுனா முடிஞ்சு போச்சு. அன்னிக்கு அம்மா முகத்தப் பாத்ததும் அந்த ஒரத்தநாட்டுக்காரர் வரிய மட்டும் எக்செல்லேர்ந்து தூக்கிட்டேன். ஆனா அதுக்கு மொத நாளே பெருமைக்கு அந்த ஃபைல சித்தப்பா பையனுக்கு அனுப்பியிருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு அவன்கிட்டேர்ந்து ஒரு வாய்ஸ் நோட், "அண்ணே, கடைசிப் பக்கத்துல 501 எழுதியிருக்காரே அவரு யாருண்ணே, எங்க வீட்டு நோட்டுலயும் இருக்காரு?"