எல்லைச் சாவடியில் ஒரு உருண்டை புளி

கேள்வி: ஐயா, வரும் ஜனவரியில் ஆராய்ச்சி வேலையாக ஆர்ஜென்டினாவின் மென்டோசா நகருக்குப் போகிறேன். அங்கிருந்து அந்தீஸ் மலையைத் தாண்டி, சிலியின் சாந்தியாகோவுக்கு பஸ்ஸில் போக ஆசை. ஆனால் நுவரெலியா போகவே றம்பொடை வளைவுகளில் சத்தி எடுக்கிற ஆள் நான். அம்மா வேறு புளி, மாசி, மிளகாய்த்தூள் கட்டித் தருவேன் என்று நிற்கிறா. நீங்கள் கப்பலில் உலகம் சுற்றியவர். சொல்லுங்கள், பஸ்ஸில் போகலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: போங்கோ பிள்ளை. மலை உங்களை விட்டுவிடும். அம்மாவின் பொட்டலம்தான் மாட்டிவைக்கும்.

2008இல் பியூனஸ் அயர்ஸில் ஒரு கப்பலால் இறங்கி, வால்பராய்சோவில் நின்ற இன்னொரு கப்பலுக்குப் போக இதே பாதையால்தான் போனேன். கோணேசர் மலையையே மலை என்று பார்த்து வளர்ந்தவன். எல்லை என்றால் நமக்குக் கடல்தானே! அங்கே 3 கிலோமீற்றர் சுரங்கம் ஒன்று, அதன் நடுவிலேயே ஒரு நாடு முடிந்து மற்றது தொடங்குகிறது. பக்கத்து சீற்றில் இருந்த கிழவி நித்திரையிலேயே நாடு மாறிவிட்டா.

மென்டோசா ஏறக்குறைய 750 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுரங்கம் 3,200 மீற்றரில். நம் பீதுருதாலகாலையே 2,524தான். தலை கொஞ்சம் இடிக்கலாம். தண்ணீர் குடியுங்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். ஆஸ்துமா, இருதய வருத்தம் இருந்தால் முதலே டொக்டரிடம் கேளுங்கள். ஏறும் பக்கம் சாய்வு மெதுவானது, உங்களுக்குச் சோதனை சிலிப் பக்க இறக்கத்தில். மகியங்கனை 18 வளைவை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கியது போல, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்ட கொண்டை ஊசி வளைவுகள். சத்திக் குளிசையை அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே போடுங்கள். மாடி பஸ் என்றால் கீழ்த்தட்டில் ஆட்டம் குறைவு. ஆனாலும் நான் மேல்தட்டு வலப்பக்க ஜன்னலைத்தான் சொல்லுவேன். ஆசியாவுக்கு வெளியே உலகத்திலேயே உயரமான மலையான அக்கொன்காகுவா, 6,961 மீற்றர், அந்தப் பக்கம்தான். ஒரு பள்ளத்தாக்கின் வாயில் கொஞ்ச நேரம் தெரியும், பிறகு மறைந்துவிடும்.

இனிப் பொட்டலம். சிலிக்காரர் பழம், விதை, இறைச்சி, பால் பொருள் விஷயத்தில் பொல்லாதவர்கள். தோட்டங்களுக்குப் பூச்சி புழு வந்துவிடக் கூடாது என்ற பயம். ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: தாவர, விலங்குப் பொருள் ஏதும் உண்டா? நான் யோசிக்காமல் 'இல்லை' என்று கீறிவிட்டேன். புளியை யார் பழம் என்று நினைப்பார்கள்?

பைகளை நீள மேசையில் வைத்துத் திறந்தார்கள். என் காற்சட்டைக்குள் சுற்றியிருந்த கறுத்த உருண்டையை ஒரு பெண் அதிகாரி எடுத்தார். அமத்தினார், மணந்தார், கையுறை விரலால் நோண்டினார். பளபளவென்று ஒரு புளியங்கொட்டை வந்தது. பிறகு இன்னொன்று. நாற்பது பேர் குளிரில் என்னையே பார்த்தபடி நின்றார்கள். நட இல்லை, சமைக்கத்தான் என்று கையால் நடித்துக்காட்டி, கும்பிட்டும் பார்த்தேன். படிவத்தைத் திருத்த விட்டார், அபராதம் எழுதவில்லை. புளி மட்டும் குப்பைத் தொட்டிக்குள் போயிற்று.

ஆகவே 'ஆம்' என்றே கீறுங்கள். சொன்னதற்கு அபராதம் இல்லை. மிஞ்சினால் பொருளை எடுப்பார்கள். மறைத்தால்தான் தண்டம். மிளகாய்த்தூள் கடையில் சீல் வைத்ததாக இருக்கட்டும், அதையும் காட்டுங்கள். மாசியையும் புளியையும் வீட்டிலேயே விடுங்கள். இரண்டு நாட்டு விசாவும் பஸ் ஏறுமுன் கையில் இருக்க வேண்டும். ஜனவரி கோடை என்றாலும் சுவெற்றரைக் கையோடு வைத்திருங்கள். சாவடி வரிசை சில நாள் மணிக்கணக்கில் நீளும்.

கப்பலில் ரசத்துக்குக் காத்திருந்த தூத்துக்குடித் தம்பி என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான். அன்று இரவு தேசிக்காய் பிழிந்துதான் ஒப்பேற்றினோம்.