பாராங் வாய் மடங்குகிறது, பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: இரவுச் சந்தையில் 90 வெள்ளிக்குக் கையால் அடித்த பாராங் (வெட்டுக்கத்தி) வாங்கினேன். 'லோரி ஸ்பிரிங்கில் அடித்தது, பேரன் காலத்துக்கும் வரும்' என்றார் விற்றவர். வாழை வெட்டும்போது ஒன்றும் ஆகவில்லை. தேங்காய் மட்டையில் நாலு வெட்டு போட்டதும் வாய் மடங்கிவிட்டது. மிஷினில் தீட்டிப் பார்த்தேன், மறுபடியும் மடங்குகிறது. இரும்பு மட்டமா? பணம் திரும்பக் கிடைக்குமா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இரும்பின் மேல் பழி போட வேண்டாம் அம்மா. வாய் மடங்கினால் பெரும்பாலும் தோய்ச்சல்தான், அதாவது காய்ச்சி எண்ணெயில் முக்கி உறுதியேற்றுவதுதான், சரியில்லை. வாய் துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தால், தோய்த்தபின் மிதமாகச் சூடாக்கி இளக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பேன்.

லோரி ஸ்பிரிங் நல்ல உருக்குதான். ஆனால் உலையில் பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போதே அதன் பழைய உறுதி போய்விடும். கத்தியாக வடித்தபின் புதிதாக ஏற்ற வேண்டும். 770 பாகை செல்சியஸ் அளவில் காந்தம் ஒட்டாமல் போகும். இன்னும் கொஞ்சம் ஏற்றி, 840 பக்கம் வந்ததும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் தோய்த்தால் இந்த உருக்கில் விரிசல் விழலாம். தோய்த்த அலகு கண்ணாடி மாதிரி, தட்டினாலே உடையும். அதனால் 200 முதல் 250 பாகையில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து இளக்குவார்கள். இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தோய்த்ததும் தோய்க்காததும் ஒரே மாதிரி பளபளக்கும். 'எந்த இரும்பு' என்று கேட்பதைவிட 'எதில் தோய்த்தீர்கள், எப்படி இளக்கினீர்கள்' என்று கேட்பதுதான் முக்கியம்.

உங்கள் பாராங்கைச் சோதிக்க நல்ல அரம் ஒன்று போதும். அதற்கு முன் சாணைக்கல்லில் கையால் இரண்டு முறை தீட்டுங்கள், ஏனென்றால் உலைச் சூட்டில் மேல்தோல் மட்டும் மெதுவாகியிருக்கலாம். பிறகு வாய் ஓரத்தில் அரத்தை லேசாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது. சுலபமாகக் கடித்துத் தூள் உதிர்ந்தால் ஏறவில்லை. நுனி, நடு, அடி என்று மூன்று இடத்திலும் பாருங்கள். மிஷினில் தீட்டிய இடம் நீலமாகியிருந்தால் அந்தச் சூடே வாயை மெதுவாக்கியிருக்கும், விற்றவர் அதைத்தான் முதலில் சொல்வார். முதல் தடவை மடங்கியது மிஷினுக்கு முன்னால் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் தன் வேலையைச் செய்யும் தரத்தில் இருக்க வேண்டும். சரிசெய்யக்கூடிய குறை என்றால், முதலில் விற்றவரிடம் சரிசெய்யச் சொல்ல வேண்டும். பிடியைக் கழற்றிவிட்டுத் தோய்ச்சலை மறுபடியும் போட முடியும், அதைத்தான் முதலில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்: கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 3 ஆண்டுக்குள் போனால் போதும். ரசீது இல்லையென்றால் கடையையும் பாராங்கையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள்.

விற்றவர் பார்க்கும்வரை பாராங்கை மிஷின் பக்கம் கொண்டு போகாதீர்கள்.